கோல்கொண்டாவும் மெதக்கும்: கட்டடக்கலையை நேரிற் கண்டு கற்றல்

சித்திரத்தை அச்சுப்படத்திலும் சங்கீதத்தை இசைத்தட்டிலும் ஓரளவுக்கேனும் அனுபவித்துவிடலாம். கட்டடக்கலைக்கு அத்தகைய சௌகரியம் வாய்க்கவில்லை. ஒரு மண்டபத்தின் கனம், அதன் உட்புறத்துக் குளிர்ச்சி, நாம் பேசும் பேச்சை அது திருப்பித் தரும் விதம், காலை வெயில் ஒரு சுவரை விட்டு மறு சுவருக்கு ஏறும் நேரம் ஆகியவையெல்லாம் உள்ளே போய் நிற்பவனுக்கே கிட்டும் செய்திகள். ஆயினும் இஸ்லாமியக் கலையைப் பற்றி நம் நூலகங்களில் உள்ள புத்தகங்கள் கோர்தோபாவிலும் இஸ்பஹானிலும் கெய்ரோவிலும் தொடங்குகின்றன. மத்தியகால ஐரோப்பிய ஆலயக் கட்டடக்கலையைப் பற்றிய புத்தகங்களோ சார்த்ரிலும் கொலோனிலும் தொடங்குகின்றன. அவற்றைப் படிக்கும் மாணவன், கடல் கடந்து போகும் பாக்கியம் பெற்றவர்களுக்கே இக்கலைகள் உரியவை என்று எண்ணிப் புத்தகத்தை மூடிவிடுகிறான். ஹைதராபாத்தின் பழைய நகரம், அதை அடுத்த கோல்கொண்டா, அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மெதக் ஆகிய மூன்று இடங்களையும் பொறுமையோடு பார்ப்பவன், இவ்விரு மரபுகளின் அடிப்படைகளையும் கண்ணாலும் காலாலும் கற்றுக்கொள்ள முடியும் என்பது என் துணிபு.

பாடம் சார்மினாரில் தொடங்குவது நல்லது. கோல்கொண்டாவில் இடமும் தண்ணீரும் போதாமற்போகவே, அதன் சுல்தான் முகம்மது குலி குதுப் ஷா மூசி ஆற்றின் தென்கரையில் புது நகரம் கண்டபோது, அதன் நடுநாயகமாக 1591ஆம் ஆண்டில் இதை எழுப்பினார். ஒவ்வொரு பக்கமும் சுமார் 20 மீட்டர் நீளமுள்ள இச்சதுரக் கட்டடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக நான்கு பெரிய வளைவுகள். ஒவ்வொன்றின் அகலமும் ஏறக்குறைய 11 மீட்டர். பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் மினாராக்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, வளையல் கடைகளின் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து செல்பவன் பார்க்க வேண்டியது அந்த 11 மீட்டரைத்தான்.

ஏனென்றால், நாம் திருவரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். தூண், தூணின் மேல் போதிகை, போதிகையின் மேல் உத்தரம், உத்தரத்தின் மேல் கூரைக்கல் என்று அடுக்கிச் செல்லும் நம் ஸ்தபதிகளின் முறை, கல்லின் இயல்பை நன்கு அறிந்து வகுத்த முறை. கல் எத்தனை பாரத்தையும் தலைமேல் தாங்கும். ஆனால் இரு முனைகளில் மட்டும் தாங்கிப் படுக்கவைத்தால், அதன் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் காணும். ஆகவே உத்தரத்தின் நீளம் ஓர் அளவுக்கு மேற்போக முடியாது. மண்டபம் பெரிதாக வேண்டுமானால் தூண்களின் எண்ணிக்கை பெருகத்தான் வேண்டும். ஆயிரம் தூண்கள் நின்றதற்கு அழகுணர்ச்சி எத்துணைக் காரணமோ, அத்துணைக் காரணம் இந்தக் கல்லியல்பும் ஆகும். வளைவோ வேறு வழியில் சிந்திக்கிறது. ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை ஒன்றையொன்று நெருக்குமாறு வில்லாக அடுக்கிவிட்டால், மேலிருந்து வரும் பாரம் முழுவதும் நெருக்கமாகவே மாறி, இரு பக்கத்துக் கால்களிலும் இறங்கிவிடுகிறது. இழுபடும் பகுதி அதில் ஏறக்குறைய இல்லை. நடுவில் தூணின்றி, பாரவண்டியும் பல்லக்கும் நகர மக்கள் கூட்டமும் ஒரே வாயிலில் சென்றுவரும்படி 11 மீட்டர் இடைவெளியைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் மூட முடிந்தது இதனாலேயே.

அந்த வளைவு உச்சியில் கூர்மையாக முடிவதையும் கவனிக்க வேண்டும். தரையில் இரண்டு முளைகளை அறைந்து, அவற்றின் இடைத்தூரத்துக்குச் சமமான கயிறு ஒன்றை முதலில் ஒரு முளையிலும் பிறகு மறு முளையிலும் கட்டிச் சுண்ணக்கட்டியால் கோடிழுத்தால், இரு கோடுகளும் மேலே ஒரு கூர்முனையில் சந்திக்கும். வளைவின் அகலத்தை மாற்றாமல் முளைகளை நெருக்கியும் விலக்கியும் வைத்து, கயிற்றையும் அதற்கேற்பக் குறைத்தும் நீட்டியும் கொண்டால், வளைவு தாழ்ந்தும் உயர்ந்தும் மாறும். அரைவட்ட வளைவுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது; அதன் உயரம் அகலத்தில் சரிபாதி என்பது மாற்ற முடியாத விதி. அகலம் வேறுபட்ட வளைவுகளையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவரலாம் என்னும் இந்த ஒரு வசதிதான், கெய்ரோவில் 879இல் முடிந்த இப்னு தூலூன் பள்ளிவாசலின் வளைவு வரிசைகளிலும், பாரிஸுக்கு அருகே செயின்ட் தெனி மடாலயத்தில் 1144இல் அபிஷேகமான புதிய பீடப்பகுதியிலும், அங்கிருந்து பரவிய கோதிக் பேராலயங்கள் அனைத்திலும் வேலை செய்திருக்கிறது. கூர்வளைவு கிழக்கிலிருந்து மேற்குக்கு எந்த வழியே சென்றது என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதிடுகின்றனர். ஆனால் லண்டனில் தூய பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென், கோதிக் என்று வழங்கும் முறையைச் சாரசானிய முறை, அதாவது முஸ்லிம்களின் முறை, என்றே அழைக்க வேண்டும் என்று அக்காலத்திலேயே எழுதிவைத்தார். இஸ்லாமியக் கலையையும் மத்தியகால ஆலயக் கலையையும் ஒரே யாத்திரையில் சேர்த்துப் பார்க்கும்படி நான் சொல்வதற்கு முதற்காரணம் இந்தக் கூர்வளைவுதான்.

சார்மினாரிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் பாத்ஷாஹி ஆஷூர்கானா இருக்கிறது. முஹர்ரம் மாதத்தில் இமாம் ஹுசைனின் தியாகத்தை நினைந்து துக்கம் கொண்டாடுவதற்காக, அதே முகம்மது குலி கட்டத் தொடங்கிய மண்டபம் இது. சுவர்களை நிறைத்திருக்கும் ஓட்டுச் சித்திரவேலை 1611இல் முற்றுப்பெற்றது. மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப் கோல்கொண்டாவை வென்றபின் இம்மண்டபம் வண்டிகள் நிறுத்தும் கொட்டகையாகச் சீரழிந்து கிடந்து, பின்பு ஹைதராபாத்தை ஆண்ட நிஜாம் அலிகான் காலத்தில் மறுபடியும் வழிபாட்டுக்கு வந்தது. இங்கே சற்று நெருங்கி நின்று ஒரு சாண் அகலச் சுவரைப் பார்ப்பது, பத்து அத்தியாயம் படிப்பதற்குச் சமம் என்பேன். ஓட்டின் மேல் தூரிகையால் எழுதிய சித்திரம் என்று தூரத்திலிருந்து தோன்றுவது, அருகே போனதும் தனித்தனித் துண்டுகளாகப் பிரிந்துவிடுகிறது. மஞ்சளுக்கு ஒரு பலகை, நீலத்துக்கு ஒரு பலகை, பச்சைக்கும் வெள்ளைக்கும் வெவ்வேறு பலகைகள் என ஒவ்வொரு வர்ணத்தையும் தனியே மெருகேற்றிச் சூளையில் சுட்டு, அப்பலகைகளிலிருந்து இலைக்கு இலையும் இதழுக்கு இதழும் உளியால் நறுக்கி, ஓரங்களைத் தேய்த்துச் சரிசெய்து, சுண்ணாம்புக் காரையில் இடைவெளி தெரியாமல் பதித்திருக்கிறார்கள். நடுவே, முஹர்ரம் ஊர்வலத்தில் ஏந்திச் செல்லும் அலம் என்னும் கொடிச்சின்னத்தின் பெருவடிவம், அதற்குள்ளே கொடிகளும் மலர்களும், கொடிகளுக்கிடையே எழுத்து. வேறொரு பகுதியில் அறுகோணங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து, சுவரின் எல்லையில் முடியாமல் அறுபட்டு நிற்கின்றன. 1908ஆம் ஆண்டு மூசி ஆற்றுப் பெருவெள்ளத்தில் கீழ்ப்பகுதி ஓடுகள் பல நாசமாயின. அவ்விடங்களில் பின்னாளில் வர்ணம் பூசி ஒப்பேற்றியிருக்கிறார்கள். இதனால் மாணவனுக்கு எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. மேலே பழைய ஓடு, கீழே பிற்காலத்துப் பூச்சு என இரண்டும் ஒரே சுவரில் இருப்பதால், மெருகின் ஆழம் என்பது யாது என்று ஆசிரியர் விளக்கவே வேண்டியதில்லை.

அருகிலுள்ள மக்கா மசூதியை விரிவாகச் சொல்லப் போவதில்லை. 1617இல் தொடங்கி, குதுப் ஷாஹி வம்சமே அழிந்தபின் 1694இல் ஔரங்கசீப் காலத்தில் முடிந்த அந்தக் கருங்கற் பெருவெளியில், 75 அடி உயரத்துக்கு எழும் தொழுகைக் கூடத்தின் எளிமையே பிரதானம். மூன்று பக்கங்களிலும் பக்கத்துக்கு ஐந்தாக வளைவுகள் கூரையைத் தாங்க, நான்காவது பக்கத்துச் சுவரில் மிஹ்ராப் மாடம் மக்காவின் திசையைக் காட்டுகிறது. உருவம் எதுவும் இல்லாத அந்தச் சுவரை நோக்கி ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோளாக வரிசை கட்டி நிற்பதற்கென்றே கூடம் அகன்று கிடக்கிறது. வழிபாட்டின் ஒழுங்கே இங்கே கட்டடத்தின் அளவாகியிருக்கிறது. இது வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் கோல்கொண்டா வந்த பிரெஞ்சு யாத்திரிகர் தவேர்னியே, இதன் ஒரு பெருங்கல்லைச் சுரங்கத்திலிருந்து எடுக்க ஐந்நூறு அறுநூறு பேர் ஐந்தாண்டு உழைத்ததையும், அதை இழுத்துவர 1,400 எருதுகள் வேண்டியிருந்ததையும் எழுதியிருக்கிறார்.

தக்காணத்துக் கருங்கல் அப்படிப்பட்டது. உளிக்கு எளிதில் இணங்காது. கோல்கொண்டாக் கோட்டைக்கு வெளியே ஏழு கல்லறைகள் என்று ஊரார் வழங்கும் குதுப் ஷாஹி சமாதிகளுக்குச் சென்றால், அந்தக் கடினத்துக்கு அவ்வூர்க் கொத்தர்கள் கண்ட பரிகாரம் புலப்படும். உள்ளே கருங்கல்லின் உறுதி. மேலே சுதையின் நளினம். சதுரமான கீழ்க்கட்டு, அதைச் சுற்றிக் கூர்வளைவுத் தாழ்வாரம், கைப்பிடிச் சுவரில் வலைப்பின்னல், மூலைகளில் குறு மினாராக்கள், எல்லாவற்றுக்கும் மேலே அடிப்புறம் குறுகி நடுப்புறம் பருத்த கும்மட்டம். அக்கும்மட்டம் கழுத்தில் விரிந்த தாமரை இதழ்களினின்றும் மொட்டாகக் கிளம்புவதை நம்மவர் எவரும் கவனிக்காமல் போகமாட்டார்கள்; நம் விமானங்களின் பத்ம வரியைக் கண்டு பழகிய கண் அங்கே தானே போய் நிற்கும். 42 மீட்டருக்கு மேல் உயர்ந்த முகம்மது குலியின் சமாதி இவற்றுள் மிகப் பெரியது. தக்கணி மொழியில் கவிதை பாடிய அம்மன்னரின் சமாதியைக் காட்டிலும், வம்சத்தை நிறுவி 1543இல் கொலையுண்ட சுல்தான் குலியின் சிறிய சமாதியே என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அதனுள்ளே பளபளக்கும் கருங்கல் கல்லறை மேடையைச் சுற்றிக் குர்ஆன் வசனங்களும் ஷியா மரபுப் பிரார்த்தனைகளும் வரிவரியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கோடுகள் செங்குத்தாக எழும் இடத்தில் எழுத்து ஒரு படைவரிசை போல நிமிர்ந்து நிற்கிறது. அடியில் வளையும் இடத்திலோ ஒன்று மற்றொன்றின் மடியில் சாய்ந்து, இடுக்கு எதையும் வெறுமையாக விடாமல் நிறைத்துக்கொள்கிறது. அரபு எழுத்தை வாசிக்க அறியாத கண்ணுக்கும் அந்த ஒழுங்கும் நெகிழ்ச்சியும் விளங்கத் தடையில்லை.

இஸ்லாமியக் கலையை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கும் அபிப்பிராயம் நம்மிடையே படித்தவர்கள் சிலருக்கும் இருக்கிறது. உருவம் தீட்ட இடமில்லாத மரபு வேறு வழியின்றிக் கோலம் போட்டது என்று அவர்கள் கருதுகிறார்கள். அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. வழிபாட்டு இடத்தில் உருவத்தை விலக்கியதனால் அக்கலைஞன் ஏழையாகவில்லை. சொல்லையும் எண்ணையும் நேராகச் சுவரில் ஏற்றினான். இறைவன் வாக்கு என்று நம்பியதை எழுதும் கைக்கு ஓர் எழுத்தின் வளைவும் அலட்சியத்துக்குரியதாக இருக்க முடியாது. ஒரு கவராயமும் ஒரு நேர்கோலும் கொண்டு வட்டத்தை ஆறாகவும் எட்டாகவும் பகுத்துப் பின்னிய நட்சத்திரக் கோலங்களுக்குத் தொடக்கமும் முடிவும் காட்ட முடியாமல் இருப்பதும், எல்லையற்ற ஒன்றைக் குறித்த சிந்தனையின் பயனே.

இத்தனையும் மனத்தில் நிற்க, மெதக்குக்குப் போக வேண்டும். நெல்வயல்களுக்கும் ஏரிகளுக்கும் இடையில் அமைந்த அந்தச் சிற்றூரில், மெதடிஸ்ட் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் வாக்கர் பாஸ்னெட் என்னும் ஆங்கிலப் பாதிரியாரின் முயற்சியால் எழுந்த பேராலயம், பத்தாண்டு உழைப்புக்குப் பின் 1924 டிசம்பர் 25ஆம் நாள் பிரதிஷ்டையாயிற்று. பஞ்சம் தலைவிரித்தாடிய காலத்தில் பிச்சையாகக் கஞ்சி ஊற்றுவதைவிட வேலை கொடுத்துக் கூலியாகச் சோறு கொடுப்பதே மானம் காக்கும் வழி என்று அவர் கருதியதாகவும், பசித்து வந்தவர்கள் சுமந்த கல்லே ஆலயமாக நிற்பதாகவும் அவ்வட்டாரத்தார் நன்றியோடு சொல்கிறார்கள். நிஜாமின் ராஜ்யத்தில், முஸ்லிம் மன்னர் ஆட்சியில், தெலுங்கு பேசும் குடியானவர்கள் கையால், ஐரோப்பிய மத்தியகாலத்தை நினைவூட்டும் கிறிஸ்தவ ஆலயம் ஒன்று எழுந்தது என்பதைச் சரித்திர மாணவன் அசட்டை செய்யலாகாது.

200 அடி நீளமும் 100 அடி அகலமும் உள்ள அவ்வாலயத்தை அணுகுகையில், 175 அடி உயரமுள்ள மணிக்கூண்டுக் கோபுரம் முன்னே வந்து வரவேற்கிறது. கோபுரத்தின் உச்சியில் ஊசி ஊசியாக நிற்கும் சிறு சிகரங்களைப் பலர் வெறும் அழகுக்கென்று நினைப்பார்கள். கோதிக் முறையில் அவற்றுக்கு ஒரு வேலை உண்டு. வளைவு தன் கால்களைக் கீழ்நோக்கி அழுத்துவதோடு நில்லாமல் வெளிநோக்கியும் தள்ளும். அந்தத் தள்ளலை எதிர்க்கும் தாங்குசுவரின் தலையில் ஒரு கற்சிகரத்தை ஏற்றினால், அதன் கனம் தள்ளலைத் தரையை நோக்கித் திருப்பிவிடும். மத்தியகாலக் கொத்தன் கணித சூத்திரம் எழுதாமலே கண்டுகொண்ட இந்த உபாயத்தினால்தான் சுவர்கள் பாரம் சுமக்கும் கடமையிலிருந்து விடுபட்டன. விடுபட்ட சுவர்களில் உயர்ந்த ஜன்னல்களைத் திறக்க முடிந்தது. சார்மினாரில் பாதையைத் திறந்துவிட்ட கூர்வளைவு, இங்கே வெளிச்சத்துக்கு வாயில் திறந்திருக்கிறது.

அந்த வெளிச்சம் நிறமேறி வருகிறது. ஆங்கில ஓவியர் பிராங்க் சாலிஸ்பரி வகுத்தளித்த மூன்று பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் மெதக்கின் தனிச்செல்வம். பீடத்தின் மேலுள்ள இயேசுவின் விண்ணேற்றக் காட்சி 1927இலும், பிறப்புக் காட்சி 1947இலும், சிலுவைப்பாட்டுக் காட்சி 1958இலும் அமைந்தன. உலோக உப்புகளைக் கலந்து உருக்கிய கண்ணாடிக்கு நிறம் உள்ளேயே ஊறியிருக்கும். அதை வடிவத்துக்கு வடிவம் அறுத்து, முகத்தின் ரேகைகளையும் ஆடையின் மடிப்புகளையும் மேலே தீட்டிச் சூளையில் சுட்டு, துண்டுகளை ஈயப் பட்டைகளால் கோத்துப் பற்றவைப்பது வழக்கம். உள்ளே நின்று பார்த்தால் அந்த ஈயக்கோடுகளே சித்திரத்தின் கரிய வரைகோடுகளாகின்றன. ஆஷூர்கானாவில் ஓடுகளை நறுக்கிப் பதித்தவனும் இங்கே கண்ணாடியை நறுக்கிக் கோத்தவனும் தொழிலில் நெருங்கிய உறவினர். ஒருவன் வேலையில் ஒளி மேலே பட்டுத் திரும்புகிறது, மற்றவன் வேலையில் ஒளி ஊடுருவி உள்ளே வருகிறது. வெளியே சூரியன் உள்ளவரைதான் இந்த ஜன்னல்களுக்கு உயிர். இருட்டிய பிறகு எத்தனை விளக்கு ஏற்றினாலும் உள்ளிருப்பவனுக்கு அவை கறுத்த சுவர்களே.

மெதக்கைப் போன்ற ஆலயங்களை மத்தியகாலத்தின் போலிகள் என்று இகழ்வது ஐரோப்பியக் கலை விமரிசகரில் ஒரு சாராரிடம் வழக்கமாக இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தானே முளைத்த கலைக்கும், 19ஆம் 20ஆம் நூற்றாண்டுகளில் அதைப் பார்த்து எழுப்பிய கலைக்கும் வேறுபாடு உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சென்னை மயிலாப்பூரில் 1896இல் புதிதாக எழுந்த சாந்தோம் பேராலயத்திலும் இந்த மறுபிறப்புக் கோதிக்கையே காண்கிறோம். ஆனால் பழைய முறையொன்றை வேறொரு மண்ணின் கல்லிலும், வேறொரு வெயிலிலும், வேறொரு மக்களின் கைகளிலும் மறுபடி கட்டுவது, பிரதி எடுப்பதோடு நிற்கும் காரியம் அன்று. அந்த மறுமுயற்சியில் முறையின் எலும்புக்கூடு துல்லியமாக வெளிப்படுகிறது. கற்க வருபவனுக்கு அதுவே வேண்டும். இந்த நியாயம் இஸ்லாமியக் கட்டடங்களுக்கும் பொருந்தும். கீழக்கரைப் பழைய ஜும்மாப் பள்ளிவாசலில் கும்மட்டத்தைத் தேடாமல், தூணும் போதிகையும் உத்தரமுமாக நம் ஸ்தபதிகள் தமக்குத் தெரிந்த பாஷையில் தொழுகைக் கூடம் அமைத்துக் கொடுத்ததையும், உருவங்களை நீக்கிவிட்டுப் பூவும் கொடியும் மட்டும் செதுக்கியதையும் பார்க்க வேண்டும். கோல்கொண்டாவைக் கண்டபின் கீழக்கரைக்குச் செல்பவனுக்கு, இஸ்லாமியக் கட்டடம் என்றால் கும்மட்டமும் மினாராவும் என்ற எண்ணம் அகன்றுவிடும்.

நேரிற் சென்று கற்பதற்கும் ஒரு முறை உண்டு. இவை பொருட்காட்சிச் சாலைகள் அல்ல. பெரும்பாலானவை இன்றும் மக்கள் மண்டியிட்டுத் தொழும் இடங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் மசூதிக்கும், ஞாயிறு காலை ஆராதனை வேளையில் ஆலயத்துக்கும் வேடிக்கை பார்ப்பதற்காகச் செல்வது பண்பாகாது. முஹர்ரம் நாட்களில் ஆஷூர்கானாவுக்குப் போகிறவர்கள் அங்குள்ள துக்கத்துக்கு மரியாதை செய்து ஒதுங்கி நிற்க வேண்டும். இவ்விடங்களில் நெடுநாள் ஊழியம் செய்யும், தொழுகைக்கு அழைப்பு விடுக்கும் முஅத்தினையோ ஆலயப் பணியாளரையோ வணக்கத்தோடு அணுகிக் கேட்டால், எந்த வாசல் எந்த நேரத்தில் திறக்கும், எந்தச் சுவரில் எப்போது வெயில் விழும் என்னும் விவரங்களை மனமுவந்து சொல்வார்கள். வழிகாட்டிப் புத்தகங்களில் அவை இல்லை.

ஆகவே, இக்கட்டுரையைப் படிக்கும் சரித்திர ஆசிரியர்களுக்கும் சித்திர ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர்களை ஆண்டுதோறும் எங்கோ உல்லாசப் பயணம் அழைத்துச் செல்கிறீர்கள். அடுத்த முறை ஹைதராபாத் செல்லும்போது சார்மினாரோடு திரும்பிவிடாமல், ஆஷூர்கானாவுக்கும் குதுப் ஷாஹி சமாதிகளுக்கும் ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். மறுநாள் மெதக்குக்குப் போய்ச் சேருங்கள். புகைப்படக் கருவியை வெளியே எடுப்பதற்கு முன் ஒவ்வொரு மாணவன் கையிலும் ஒரு கயிறும் சுண்ணக்கட்டியும் காகிதமும் பென்சிலும் கொடுத்து, ஒரு வளைவையாவது வெளி முற்றத்துத் தரையில் வரையவும், ஓர் அறுகோணக் கோலத்தையாவது காகிதத்தில் பின்னவும் செய்யுங்கள். மெதக்கில் பொழுது சாயும்வரை இருங்கள்.